இத்தாவில் நின்ற பஸ்

09.06.2024, ஞாயிறு

பஸ்ஸுக்கு அடியில் கோழி முட்டையிட்டிருக்கிறது. நாலு முட்டை. முன் சில்லுக்குப் பின்னால், கிறீஸ் படிந்த பழைய சாரன் துண்டின் மேல். றிபா பொறுக்கிக்கொண்டு வந்து, "உம்மா, உங்கட பஸ் கோழிக்கூடா மாறிட்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சுபைறா மாமி அறைக்குள் எட்டிப் பார்த்தா. புருஷன் மவுத்தாகி முப்பத்தொன்பது நாளில் சிரிப்பா என்று கண்ணாலேயே கேட்டா. மாமி என் புருஷன் ஸஹீதின் உம்மாவுடைய தங்கை. நாலு மாதமும் பத்து நாளும் நான் வீட்டோடு இருக்கும் இந்த இத்தா முடியும்வரை எனக்குத் துணை என்று வந்திருக்கிறா. காவல் என்றும் சொல்லலாம்.

பின்னேரம் ஸிராஜ் மச்சான் வந்தார். ஸஹீதுக்கு மூத்த சகோதரர். இத்தாவில் இருப்பவள் அவர் முன்னால் வரக்கூடாது, அதனால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.

"பொத்துவில்ல ஒரு ஆள் கேக்கான், ஜெனூபா. எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு பஸ்ஸ கடற்கரையில நிப்பாட்டி ஜூஸ் கடை போடப் போறானாம். இத்தா முடிஞ்ச அடுத்த நாள் லொறி கொண்டு வந்து இழுத்துட்டுப் போவான்."

"யாரக் கேட்டு மச்சான்?"

"யாரக் கேக்க? என்ட தம்பிய மவுத்தாக்கின பஸ் அது. அது ஓடுறத இனி நான் பாக்கமாட்டன்."

"உங்களுக்கு அதுல பங்கு இரிக்கி, இல்லெண்டு சொல்லல்ல. ஆனா அது நிக்கிறது என்ட ஊட்டு வளவு. என்ட உம்மா எனக்குத் தந்த வளவு."

அவர் வெளியே நடந்தார். செருப்புச் சத்தம் வாசல் கடப்புவரை கேட்டது.

பதினொரு வருடம் அந்த பஸ்தான் எங்களுக்கு வீடு. எண்பத்தாறாம் ஆண்டு ஜப்பான் பஸ். பின்னால் கட்டில், நடுவில் சாரன் சேலை அடுக்க அலுமாரி, ஒரு காஸ் அடுப்பு. மருதமுனையில் கைத்தறிச் சாமான் ஏற்றினால் பண்டாரவளை, ஹப்புத்தளை என்று மாதத்தில் பாதி நாள் மலைநாட்டில்தான் வியாபாரம். ஊரே அதை 'ஊட்டு பஸ்' என்றுதான் சொல்லும். சமதரையில் நான் ஓட்டுவேன், ஏற்றம் வந்தால் அவர். அதைக் கழற்றி ஜூஸ் கடையா? பார்ப்போம்.

10.06.2024

கோழியை விரட்டினேன். இது கூடு இல்லை.

17.06.2024, ஹஜ்ஜுப் பெருநாள்

வட்டிலப்பம் செய்யவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு, யன்னலால் பஸ்ஸையும் பார்த்தார்கள். "இன்னும் வச்சிரிக்கிங்களா?" என்று ஒருத்தி கேட்டா. பாம்பு வளர்ப்பதுபோல.

எழுதித்தான் ஆக வேண்டும். இதுவரை எழுதவில்லை.

மே இரண்டாம் திகதி. வெல்லவாயவிலிருந்து எல்ல போகும் ஏற்றம். நீர்வீழ்ச்சிக்கு இரண்டு வளைவு கீழே ஒரு மதகு. அந்த இடத்தில் வெப்ப முள் சிவப்புக்குப் போனது. வழக்கம்தான், இரண்டு வருடமாக ஏற்றத்தில் கொதிக்கிறது. அவர் ஓரமாக நிறுத்திவிட்டு, "டேங்கத் திற, ஜெனூபா" என்றார். பஸ்ஸுக்கு அடியில் நாங்கள் பூட்டியிருக்கும் ஒழுத் தண்ணீர் டேங்க். போகிற வழியில் எங்கேயும் நின்று கை, முகம், கால் கழுவி ஒழு எடுத்துத் தொழுவதற்கு வைத்தது. நான்தான் குழாயைத் திறந்து கேனில் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முன்னால் போனார். மதகுக் கட்டில் கேனை வைத்தார். "கொஞ்சம் இரி, மூச்சு வாங்குது" என்று பக்கத்தில் குந்தினார். கேன் சரியவே இல்லை. அவர்தான் சரிந்தார்.

இதயம் என்று டாக்டர் சொன்னார். முன்பே சொல்லியிருந்தார்கள், இதயத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. இந்தச் சுற்று முடியட்டும், அடுத்த சுற்று முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்த மனிசன் அவர். எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும்.

சரி, பஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஏன் கொதித்தது? இரண்டு வருடமாக நாலு கராஜில் கேட்டு ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. விசாரிக்காமல் தூக்கில் போடுவதா? கொதித்த காரணம் தெரியாமல் அந்த எஞ்சினை யாரும் கழற்ற விடமாட்டேன். தெரிந்த பிறகு நானே கழற்றிக் கொடுக்கிறேன்.

20.06.2024

பள்ளி ஹஸ்ரத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன், வளவுக்குள் இறங்கலாமா என்று. "வளவும் ஊட்டோட சேந்ததுதான். தேவைக்கு இறங்கலாம். அந்நிய ஆம்புள முன்னால வரக்கூடாது, அலங்காரம் கூடாது."

"கிறீஸ் அலங்காரமா ஹஸ்ரத்?"

அவர் சிரித்துவிட்டார். சுபைறா மாமி சிரிக்கவில்லை. "இத்தா இரிக்கிற பொம்புள பஸ்ஸுக்கடியில படுக்கிறதா? ஊரு என்ன கதைக்கும்கா!" என்றா. ஊர் கதைக்கட்டும். ஊருக்கு வாய் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது.

25.06.2024

அழகரெத்தினம் பாஸ் வந்தார். காரைதீவில் கராஜ் வைத்திருப்பவர், எங்கள் பஸ்ஸை இரண்டு தரம் பார்த்தவர். தகர வேலிக்கு வெளியே கதிரை போட்டு அவரை இருத்தினோம். நான் வேலிக்கு உள்ளே. ஒருவரை ஒருவர் பார்க்காமல் வைத்தியம். றிபா நடுவில் ஓடித் திரிந்தாள்.

முதலில் ஹெட் கெஸ்கட், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு. எல்லா மெக்கானிக்கும் முதலில் சொல்வது அதுதான், அதில்தான் பெரிய வேலை இருக்கிறது. "றேடியேட்டர் மூடியத் திறந்து வச்சிட்டு ஸ்டாட் பண்ணுங்க தங்கச்சி. குமிழ் வருதா பாருங்க" என்றார். அரை மணித்தியாலம் குனிந்து பார்த்தேன். குமிழ் இல்லை.

"அப்ப கெஸ்கட் நல்லம்."

"முந்தி நீங்கதானே பாஸ் கெஸ்கட் எண்டு சொன்ன?"

 "ஓம், சொன்னன்தான்" என்றார். பிழையை ஒத்துக்கொள்ளும் மெக்கானிக்கை இன்றுதான் பார்க்கிறேன். பார்க்கவும் இல்லை, கேட்கிறேன்.

இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டோம். கொதிக்கவே இல்லை. இதுதான் எங்கள் சாபம். கல்முனையிலிருந்து பொத்துவில்வரை தேடினாலும் ஒரு மேடு கிடையாது, எல்லாம் மேசைபோல. நோய் மலையில் காட்டும், வைத்தியன் கடற்கரையில் இருப்பான். வண்டியைக் கொண்டுபோனால் எல்லாரும் "நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பி அனுப்பினார்கள்.

02.07.2024

றேடியேட்டர் கழுவினோம். முதலில் தேயிலைச் சாயம், பிறகு செங்கல் கரைத்த மாதிரி, கடைசியில் வெள்ளைச் செதில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். பதினொரு வருடமாக அதைத்தான் ஊற்றியிருக்கிறோம். குழாய்த் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் கழுவிய பிறகுதான் தெளிவாக வந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பாஸ் தண்ணீர் ஊற்றினார்: "சந்தோசப்படாதீங்க தங்கச்சி. பதினொரு வருசம் உவர்த்தண்ணி குடிச்ச வண்டி ஒம்பது வருசம் கொதிக்காமத்தானே ஏறின? ரெண்டு வருசத்துக்கு முன்னால என்னமோ நடந்திரிக்கி."

என்ன நடந்தது? டீசல் இல்லாத காலம். பஸ் மாசக்கணக்காக வளவில் நின்றது. நின்றதால் கெட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம்.

என் வெள்ளைச் சேலை இனி வெள்ளை இல்லை.

10.07.2024

எஞ்சின் சூடானால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எந்தக் காலத்திலோ எவனோ கழற்றி எறிந்திருக்கிறான், சூட்டு நாட்டுக்கு இது எதற்கு என்று. றிபா கல்முனையில் புதிதாக வாங்கி வந்தாள். பூட்டுவதற்கு முதல் சோதிக்க வேண்டுமாம். குசினியில் சட்டியில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, றிபா தான் படிக்கும் ஒலுவில் கம்பஸிலிருந்து இரவல் வாங்கிய வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மாமி வந்து சட்டியை எட்டிப் பார்த்தா. "என்ன கறிகா இது?"

எண்பத்திரண்டில் அது மெல்லத் திறந்தது. மாமி நெஞ்சில் கை வைத்தா. "அல்லாவே, வாயத் தொறக்குதே!" இறக்கி ஆறவைத்தோம், மூடியது. "இன்னொருக்கா வை" என்றா மாமி. மூன்று தரம் வைத்தோம். பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அவவே விளங்கப்படுத்திக்கொண்டிருந்தா, எத்தனையில் திறக்கும், எத்தனையில் மூடும் என்று.

18.07.2024

யாரோ மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். வந்தார். சத்தம் போட்டார்.

"ஊரே சிரிக்கிது! ஸஹீதுர பொண்டாட்டி கராஜ் போட்டிரிக்காவாம் எண்டு. அவன்ட மண்ணு காயல்ல இன்னும்!"

நானும் போட்டேன். திரை இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர்ர மண்ணு காயல்ல எண்டு உங்களுக்கு மட்டுமா தெரியும்? அவர்ர பக்கத்துல இருந்தது நான். தலையத் தூக்கி மடியில வச்சது நான். நீங்க என்னத்தக் கண்ட? பஸ்ஸ வித்துட்டா அவர் எழும்பி வருவாரா? வருவாரெண்டா இண்டைக்கே இழுத்துட்டுப் போங்க!

மச்சான் அழுதுவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர். "அதப் பாக்கக்குள்ளயெல்லாம் எனக்கு நெஞ்சு எரியிது, ஜெனூபா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

27.07.2024

ஃபேன் நல்லம். பெல்ட் நல்லம். தண்ணீர்ப் பம்ப் நல்லம். எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம். அப்படியென்றால் ஏன்?

இன்று வேலியோரம் குந்தி அழுதேன். பாஸுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இருந்துவிட்டு, பிறகு சொன்னார்: "தங்கச்சி, எல்லாரும் காத்து உள்ள வாற வழியத்தான் பாத்தம். ஃபேன் இழுக்கும், றேடியேட்டருக்குள்ளால வரும், சரி. வந்த காத்து சூடாகி எங்கால வெளிய போகுது? மனிசன் மூச்ச இழுத்தா விடவும் வேணும்தானே."

காற்றை எப்படிப் பார்ப்பது? கண்ணுக்குத் தெரியாததை?

01.08.2024, வியாழன்

நூல். வேறென்ன! அலுமாரியில் தறி முடிந்த மிச்ச நூல் ஒரு பை நிறையக் கிடக்கிறது. சிவப்பு நூலில் சாண் சாணாக இருபத்திரண்டு துண்டு வெட்டினேன். றேடியேட்டருக்கு முன்னால், பின்னால், எஞ்சினைச் சுற்றி, அடியில் சட்டத்தோரம் என்று கட்டிக்கொண்டே போனேன். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, றிபாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பக்கவாட்டில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

முன்னால் கட்டியவை கிறிலோடு ஒட்டிக்கொண்டன. எஞ்சினைச் சுற்றியவை பேய் பிடித்த மாதிரி ஆடின. பின்னால், காற்று வெளியே போக வேண்டிய இடத்தில் கட்டிய ஆறு நூல்—

அசையவில்லை. செத்துத் தொங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் கட்டிய இரண்டு நூல் முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டு வந்தன. போகிற காற்று எதிலோ முட்டித் திரும்புகிறது.

எதில் முட்டுகிறது என்றும் பார்த்தேன். றிபா "உம்மா, உம்மா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. எழும்பி வந்து கை கழுவினேன்.

எழுதப் பிடிக்கவில்லை.

02.08.2024

பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். 2022. என்னுடைய கையெழுத்துத்தான்.

ஆகஸ்ட் 14: "டீசல் இல்லை, பஸ் சும்மா நிற்கிறது. நிற்கும்போதே ஒழு டேங்க் பூட்டச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார், கேனில் கொண்டுபோனால் போதாதா என்று. நான் விடவில்லை. வெல்டிங் முடிந்தது. எஞ்சினுக்குப் பின்னால் குறுக்காக நல்ல இடம்."

ஆகஸ்ட் 16: "ரோட்டுச் சேறு, நாய் அசிங்கம் எல்லாம் டேங்கில் தெறிக்கும். ஒழுத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீட் போட்டு இறுக்கி மூடச் சொன்னேன். அழகாக வந்திருக்கிறது."

ஒக்டோபர் 9: "டீசல் கிடைத்து முதல் பயணம். எல்ல ஏற்றத்தில் முதல் தரம் கொதித்தது. டேங்கில் தண்ணீர் இருந்ததால் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். பண்டாரவளைக் குளிரில் மஃரிபு தொழுகைக்கு ஒழு எடுத்தால் தண்ணீர் இளஞ்சூடு. அவர் சொன்னார், பாரு, உன்ட டேங்க் அல்லாட ரஹ்மத்து என்று."

இளஞ்சூடு. இரண்டு வருசம் அந்தச் சூட்டுத் தண்ணியில முகம் கழுவி துஆ கேட்டமே, ஏன் சூடெண்டு ஒருக்காக் கேட்டமா? எஞ்சின்ட சூடுதானே அது! போக வழியில்லாம டேங்கில முட்டி முட்டி நிண்ட சூடு. ஒவ்வொரு தரமும் கொதிக்கும். ஒவ்வொரு தரமும் டேங்கில பிடிச்சு ஊத்துவம். டேங்க் காப்பாத்திட்டு, டேங்க் காப்பாத்திட்டு எண்டு... கொதிக்க வச்சதே அதுதான்.

ஆர் வைக்கச் சொன்ன? நான். ஆர் மூடச் சொன்ன? நான். கேன்ல பிடிச்சுக் கையில குடுத்தது ஆர்? யா அல்லாஹ்.

03.08.2024

ஒன்றும் எழுதவில்லை.

06.08.2024

றிபாவிடம் சொன்னேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "ஸிராஜ் மூத்தாப்பாட்டச் சொல்லாதீங்க உம்மா. டேங்க் உடைஞ்சிட்டெண்டு கழட்டிடுவம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். பிள்ளை எனக்காகத்தான் சொல்கிறது.

அழகரெத்தினம் பாஸிடம் வேலிக்கு உள்ளே நின்று சொன்னேன். கதிரை கிறீச்சிட்டது. எழும்பிவிட்டார் போல.

"நான் ரெண்டு தரம் அந்த டேங்குக்குக் கீழ படுத்திரிக்கன் தங்கச்சி. வேல முடிச்சு அதுர குழாயிலதான் முகமும் கழுவின. காத்துக்குக் குறுக்கால நிக்கிதெண்டு ஒரு கணம் பட்டதுதான். ஆனா உங்கட தொழுகைச் சாமான், நம்மட கை படக்கூடாதெண்டு தொடாம விட்டுட்டன். ஸஹீத் தம்பிட்டக் கேட்டிருக்கலாம். கேக்கல்ல."

மற்ற மூன்று கராஜ்காரரும் எங்கள் ஆட்கள். அவர்களும் தொடவில்லை, பறக்கத்து நிறைந்த தொழுகை டேங்க் என்று. ஆளுக்கொரு மரியாதை வைத்து எல்லாருமாக எஞ்சினின் மூச்சை அடைத்து வைத்திருந்தோம்.

நான் கொன்றேனா? ஐந்து நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருடைய இதயத்தை அடைத்தது நான் இல்லை. படம் எடுக்கப் போங்க என்று எத்தனை தரம் சண்டை பிடித்தேன். ஆனால் பஸ்ஸைக் கொதிக்க வைத்தது நான்தான். இரண்டும் உண்மை. ஒன்றை ஒளித்தால் மற்றதும் பொய்யாகிவிடும். மச்சானிடம் சொல்லத்தான் போகிறேன்.

11.08.2024

நாலே நாலு போல்ட். கடற்காற்றில் துருப்பிடித்து இரும்போடு இரும்பாகிவிட்டன. நானும் றிபாவும் இரண்டு நாள் டீசல் ஊற்றி, தட்டி, குழாயைப் போல்ட் கழற்றும் சாவிக்குப் பிடியாகச் செருகித் தொங்கினோம். கடைசிப் போல்ட் விடவே இல்லை. மாமி வந்தா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தள்ளுங்ககா" என்று றிபாவோடு சேர்ந்து இழுத்தா. அறுபத்தேழு வயது! டக் என்று ஒரு சத்தம், மூன்று பேரும் மண்ணில். டேங்க் நாங்கள் கீழே வைத்திருந்த டயரின் மேல் இறங்கியது.

ரப்பர் சீட்டை நானே கத்தியால் கிழித்தேன். திரும்பவும் நூல் கட்டினேன். ஸ்டார்ட் பண்ணியதும் இருபத்திரண்டு நூலும் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றன. சூட்டுக் காற்று என் முகத்தில் அடித்தது. எழும்பாமல் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

20.08.2024

மச்சானை வரச் சொல்லித் திரைக்குப் பின்னால் இருந்து எல்லாம் சொன்னேன். எண்பத்திரண்டு டிகிரியிலிருந்து இளஞ்சூட்டுத் தண்ணீர்வரை. 

"டேங்க் வைக்கச் சொன்ன ஆர்?"

"நான்."

"மூடச் சொன்ன?"

"நான்தான் மச்சான். அவர் வேணாமெண்டுதான் சொன்ன."

தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், "கொதிச்சதுக்கு டேங்க்தானெண்டு நீ சொல்லுறாய். நூல் ஆடினத வச்சு நான் நம்பவா?" என்றார். எழும்பிப் போய்விட்டார். லொறியை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம்ப வேண்டாம். மலை இருக்கிறது, அது சொல்லும்.

01.09.2024

டேங்க் இனிப் பின் பம்பருக்கு மேலே. டேங்கைத் தாங்கும் சட்டத்தை பாஸ் கராஜில் ஒட்டி அனுப்பினார், நாங்கள் பூட்டினோம். "பின்னால போனா நன்மை குறையுமாகா?" என்று மாமி கேட்டா. "இல்ல மாமி, சூடுதான் குறையும்."

08.09.2024, ஞாயிறு

நேற்று இத்தா முடிந்தது. குளித்து, நீலச் சேலை உடுத்தேன். கண்ணாடியில் யாரோ மெலிந்த பெண் நின்றா.

இன்று காலை ஏழு மணிக்கே லொறி வந்துவிட்டது. பொத்துவில் ஆள் கயிற்றோடு இறங்கினான். நான் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணிக் கடப்புக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு முகத்தைப் பார்க்கிறேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"ஒருக்கா மச்சான். அந்த மதகு வரைக்கும் ஒரே ஒருக்கா. கொதிச்சா அங்கேயே சாவியத் தாறன். இவர் அங்க வந்து இழுத்துட்டுப் போகட்டும்."

"ஏத்தத்துல ஆர் ஓட்டுற?"

"நான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொத்துவில் ஆளிடம், "நாளைக்கழிச்சு சொல்லுறன் மனே" என்றார். என்னிடம், "நானும் வருவன். முள்ளுக்குப் பக்கத்துலதான் இருப்பன்" என்றார். இருங்க. நல்லா இருங்க.

10.09.2024, செவ்வாய்

மச்சான் முள்ளுக்குப் பக்கத்தில். பின்னால் றிபாவும் அழகரெத்தினம் பாஸும். மாமிக்கும் வர ஆசை, முழங்கால் விடவில்லை. மச்சான் தன் பங்குக்கு இரண்டு கேன் தண்ணீர் நிரப்பிக் காலடியில் வைத்திருந்தார். நம்பிக்கை எவ்வளவு என்று அதிலேயே தெரிந்தது.

வெல்லவாய தாண்டினோம். ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியர். ஸலவாத்து ஓதிக்கொண்டே ஓட்டினேன். முள் பாதியில். முதல் வளைவு, பாதி. லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்தோம். முன்பு இப்படி ஊர்ந்தால்தான் முள் ஏறும். பாதி. பாதிக்கு ஒரு நூல் மேலே, பிறகு திரும்பப் பாதி. மச்சான் முள்ளைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். ஏற்றத்தில் நான் ஓட்டுகிறேன். நான். ஓட்டுகிறேன்!

மதகு வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன்.

மச்சான் பதறி இரண்டு கேனையும் தூக்கிவிட்டார். "கொதிச்சிட்டா?"

"இல்ல மச்சான். முள்ளப் பாருங்க."

"அப்ப ஏன் நிப்பாட்டின?"

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு."

எல்லாரும் இறங்கினோம். பாஸ் மூடியைத் தூக்கி எஞ்சினோடு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார். மச்சான் அந்த மதகுக் கட்டை ஒரு தரம் கையால் தடவினார். பிறகு பின்னால் வந்து டேங்க் குழாயைத் திறந்து கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"பச்சத் தண்ணி, ஜெனூபா" என்றார். "குளிருது."

முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டார். ஒழுவுக்கு மூன்று தரம் போதும். அவர் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. தொழுதுவிட்டு, கேன் தண்ணீர் இரண்டையும் மதகடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு ஏறினோம்.

29.09.2024, ஞாயிறு

பொத்துவில் ஆள் திரும்பவும் ஃபோன் எடுத்தான். மச்சான் அப்போது என் வளவில், பஸ்ஸுக்கு அடியில் படுத்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். பயணத்துக்கு முதல் நாள் தன் கண்ணால் பார்க்காவிட்டால் அவருக்குச் சரிவராதாம். றிபா ஃபோனை அவர் காதில் பிடித்தாள். அடியிலிருந்து சத்தம் கேட்டது: "எஞ்சின் இல்லாத பஸ் வேணுமெண்டா வேற எங்கயும் பாருங்க மனே. இது ஓடுற பஸ்."

நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பண்டாரவளை, நானும் றிபாவும். சமதரையிலும் நான், ஏற்றத்திலும் நான்.